யாரும் கேட்காத நூற்றுப் பதின்மூன்று

என்னுடைய முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அது பழைய செய்தியாகிவிடும். தேயிலை பாக்டரி ஒர்க்‌ஷாப்பில் மில்லிங் மெஷினுக்கு முன்னால் நின்று பல்சக்கரம் வெட்டியே தலை நரைத்தவன் நான். அங்கே டிரையரில் ஓடிய ஒரு சக்கரத்துக்கு 127 பல். 120 வைத்திருக்கலாம், 125 வைத்திருக்கலாம். வாயில் நுழைகிற எண் எத்தனையோ இருக்க, 127 வைத்தவன் குடித்துவிட்டு எண்ணியிருப்பான், இரண்டு பல் கூடுதலாக விழுந்துவிட்டது என்று பல வருடம் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஒருவர் இப்போது கோயம்புத்தூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். இதை அவர் அங்கே யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் வைத்த மெஷின் வந்திருக்கிறது. இப்போது அங்கே வேலை பார்ப்பவர்கள் திரையில் 127 என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது சக்கரம் தயார். நீங்களெல்லாம் இதை எப்படி வெட்டினீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதால் எழுதுகிறேன் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம்.

படிப்பு வரலாறு சுருக்கமானது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் இரும்பை ராவினேன். சதுரமாக வர வேண்டியது வட்டமாகவும், வட்டமாக வர வேண்டியது அவமானமாகவும் வந்தது. பிறகு ஏலப்பாறைக்கு மேலே, அப்பா கவாத்து வெட்டிய எஸ்டேட்டிலேயே பாக்டரி ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். கொஞ்ச நாள் எண்ணெய் விட்டேன், கொஞ்ச நாள் எண்ணெய் துடைத்தேன், அப்படியே மில்லிங் மெஷினுக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே போர்மேன் தங்கையா அண்ணாச்சி. பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம், பிறந்தது எங்களைப் போல லயத்தில், எஸ்டேட் வரிசை வீட்டில். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் ஏதாவது தப்புச் செய்தால் நடந்து போய் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். மெஷின் முனகிக்கொண்டே நிற்கும். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டன் வேஸ்ட்டால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நம் தப்பு நமக்கே தெரிந்துவிட வேண்டும். தெரியாவிட்டால் மறுபடியும் துடைப்பார். என்னால்தான் அவர் கண்ணாடி தேய்ந்தது என்று ஒர்க்‌ஷாப்பில் ஒரு பேச்சு உண்டு.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சக்கரமானாலும் ஆழமாக வெட்டும் முன்னால் ஒரு சுற்று முழுக்க, கத்தி பட்டும் படாமலும் பல் விழ வேண்டிய இடங்களில் கீறிக்கொண்டே வர வேண்டும். கணக்கில் பிசகு இருந்தால் கடைசியில் ஒரு பல் பாதியாகவோ ஒன்றேகாலாகவோ நிற்கும். பிசகு இல்லையென்றால் கடைசிக் கீறல் முதல் கீறலிலேயே வந்து விழும். "சுத்தி வந்து மொதக் கீறல்ல உக்காந்துட்டா கணக்குச் சரி" என்பார். எங்கள் ஒர்க்‌ஷாப் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் ஓடியது. அது பொய்த்து நாங்கள் பார்த்ததில்லை. யாரும் பல்லை எண்ணிப் பார்த்ததும் இல்லை. உட்கார்ந்த பிறகு எதற்கு எண்ண வேண்டும்?

மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்துக் கொழுந்து பொங்கி வந்த சமயம் அது. டிரையரின் தட்டுகளை இழுக்கும் அந்த 127 பல் பெரிய சக்கரத்துக்குள் ஒரு போல்ட் கழன்று விழுந்தது. அந்தச் சக்கரத்துக்கு ஏற்கெனவே இரண்டு தடவை பொய்ப்பல் கட்டியிருந்தோம். இந்தத் தடவை ஈறே போய்விட்டது. விளிம்பு இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு தரையில் கிடந்தது.

பாக்டரியில் இருந்தது ஒரே டிரையர். புளித்த தேயிலையை உலர்த்தாமல் வைத்தால் அது எருக்குழிக்குத்தான் போகும். கோயம்புத்தூருக்கு ஆர்டர் கொடுத்தால் சக்கரம் வரப் பல வாரம் ஆகும், அதுவரை கொழுந்தை வேறு பாக்டரிக்கு அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் சொன்னார். சொன்ன விதம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. இந்தச் சின்ன பாக்டரியை மூடிவிடலாமா என்று கம்பெனி ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். பாக்டரிக்குத் தலைவரான டீ மேக்கர் ஜோஸ் சார் மலையாளி. அவர் எங்கள் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒரு தடவ கொழுந்து வேற எடத்துக்குப் போயால், பின்னே அது திரிச்சு வராது, தங்கையா. இத பூட்டிடும்."

அண்ணாச்சி மேனேஜரிடம் போய், திங்கட்கிழமைக் கொழுந்துக்கு டிரையர் ஓடும் என்று சொல்லிவிட்டு வந்தார். பாக்டரிக்குள் வேலை பார்த்த அத்தனை பேரின் பிழைப்பும் அந்த ஒரு வாக்கில் தொங்கியது. சக்கரம் வெட்டுவதற்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிளாங்க், அதாவது பல் வெட்டாத மொட்டை வார்ப்பு. எப்போதோ அண்ணாச்சி வாங்கிப் போட்டது. அதன் மேல்தான் நான் தினமும் சோற்றுப் பாத்திரம் வைத்துச் சாப்பிடுவேன். அதைக் கெடுத்தால் இன்னொன்று கிடையாது.

வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். டிவைடிங் ஹெட் என்று ஒரு பெட்டி. அதன் கைப்பிடியை நாற்பது சுற்றுச் சுற்றினால், அதில் மாட்டிய பிளாங்க் ஒரு சுற்றுச் சுற்றும். நாற்பது பல் வேண்டுமானால் பல்லுக்கு ஒரு சுற்று. எண்பதுக்கு அரைச் சுற்று. 120-க்கு மூன்றில் ஒரு பங்கு. இந்தப் பங்குகளை அளக்கக் கைப்பிடிக்குப் பின்னால் வட்ட வட்டமாக ஓட்டை போட்ட தட்டு ஒன்று இருக்கும். 127 ஒன்றுக்கும் பிரியாத பிடிவாதக்காரன். அவனுக்கு 127 ஓட்டை போட்ட தட்டு வேண்டும். அப்படி ஒரு தட்டைச் செய்ய, முதலில் ஒரு வட்டத்தை 127 பங்காகப் பிரிக்கத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் தட்டு எதற்கு?

அதனால் ஒரு தில்லுமுல்லு செய்வோம். 120 என்று மெஷினிடம் பொய் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யைப் பின்வாசல் வழியாகத் திருத்துவோம். பிளாங்க் சுற்றச் சுற்ற, பின்னால் மாட்டிய வேறு சில பல்சக்கரங்கள் ஓட்டைத் தட்டையும் துளித்துளியாக நகர்த்தும். நாம் மூன்றில் ஒரு பங்கு சுற்றியதாக நினைப்போம். தட்டு நகர்ந்துவிட்டதால் உண்மையில் சுற்றியது கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவெல்லாம் சேர்ந்து, ஒரு முழுச் சுற்றில் ஏழு பல் கூடுதலாகப் பிறக்கும்.

பின்வாசலில் இரண்டு முக்கியமான சக்கரம், நடுவில் இரண்டு சின்ன ஐட்லர். ஐட்லர் என்பது இந்தப் பக்கத்து ஓட்டத்தை அந்தப் பக்கம் கைமாற்றிவிடுகிற வெறும் தரகர். அதில் ஒன்றுக்கு உள்ளே அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து கடகடவென்று ஆடியது. நான் புத்திசாலி. நடுவில் எத்தனை ஐட்லர் இருந்தாலும், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விகிதம் மாறாது என்று ஐ.டி.ஐ.யில் படித்தது ஞாபகம் வந்தது. அங்கே படித்ததில் ஞாபகம் இருந்தது அது ஒன்றுதான். இரண்டு சின்ன ஐட்லரையும் கழற்றிவிட்டு, இடைவெளியை அடைக்கிற அளவுக்கு ஒரே ஒரு பெரிய ஐட்லரைப் போட்டேன். ஆட்டம் நின்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் கீறல் சுற்று. கைப்பிடியைத் திருப்பு, அதன் ஊசியைத் தட்டின் ஓட்டையில் விடு, கத்தியைத் தொடு. திருப்பு, விடு, தொடு. ஒரு சுற்று முடிந்து கடைசிக் கீறலுக்கு வந்தபோது எனக்கு வியர்த்திருந்தது. கத்தி இறங்கியது. முதல் கீறலின் மேல், அதே கோட்டில், ஒரு மயிர் விலகாமல் உட்கார்ந்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். நகத்தால் தடவினார். "உக்காந்துட்டுலே. வெட்டு" என்றார்.

முதல் பள்ளம் வெட்டினேன். இரண்டாவது வெட்டினேன். நடுவில் முதல் பல் பிறந்தது. பிறந்த குழந்தை கொஞ்சம் புஷ்டியாகத் தெரிந்தது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்றாவது பள்ளத்துக்குக் கைப்பிடியைத் திருப்பினேன். அண்ணாச்சி உடைந்த பழைய விளிம்புத் துண்டைக் கொண்டு வந்து, புதுப் பல்லின் மேல் கவிழ்த்து வைத்தார். அது உட்காரவில்லை. இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். பிறகு நடந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி துடைத்தார். மறுபடியும் தெரியவில்லை. பிறகுதான் கவனித்தேன், அவருக்கும் தெரியவில்லை. சும்மா துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கத்தியை அளந்தோம், சரி. பிளாங்கின் விட்டத்தை அளந்தோம், சரி. சுற்று வந்து உட்கார்ந்தது, அதுவும் சரி. எல்லாம் சரி, பல் மட்டும் தப்பு. அந்த நேரம் பார்த்து ஜோஸ் சார் வந்தார். எங்கள் மூஞ்சியைப் பார்த்ததும் என்ன என்று கேட்காமல், கீறலை எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்டார். எண்ணவில்லை. ஆளுக்கொரு தடவை எண்ணினோம். அவருக்கு 113 வந்தது. அண்ணாச்சிக்கும் 113. எனக்கு 114. என் எண்ணிக்கையை யாரும் பொருட்படுத்தவில்லை.

"நூத்திருவது போட்டோம். நூத்தி இருவத்தேழு வரணும்" என்றார் அண்ணாச்சி. "நூத்திப் பதிமூணு எங்கேருந்துலே வந்துது? அத ஆரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் குழப்பம். கணக்குத் தப்பிய சக்கரம் கடைசியில் அசிங்கமாக முடிய வேண்டும். இதுவோ தப்பான எண்ணில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி, அத்தனை லட்சணமாக வந்து உட்கார்ந்திருந்தது. தப்பு என்றால் இப்படியா முடியும்? சரி என்றால் பல் ஏன் பொருந்தவில்லை? ஜோஸ் சார் பிளாங்கையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "தங்கையா, ஞான் மேனேஜர்கிட்ட என்னா சொல்லணும்?" என்று கேட்டார்.

அண்ணாச்சி மெயினைப் போடாமலே, கத்தியை விலக்கிவிட்டு, வெறும் கையால் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். அவர் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஓட்டைத் தட்டைப் பார்த்தார். நான் சுற்றினேன். இன்னும் சுற்று என்றார். வெகுநேரம் அப்படியே போனது. பிறகு, "தட்டு ஒங்கூடவேல்லா வருது" என்றார். "எதுர்ல வரணும்லே. பின்னால என்ன மாட்டுன?"

நான் பெரிய ஐட்லரின் பெருமையைச் சொன்னேன். விகிதம் மாறாது அண்ணாச்சி என்றேன். விகிதம் மாறவில்லைதான். திசை மாறிவிட்டது. நடுவில் இரண்டு தரகர் இருந்தால் தட்டு கைப்பிடிக்கு எதிராக நகரும். ஒரு தரகர் என்றால் கைப்பிடியோடு சேர்ந்து நகரும். அதனால் ஏன் 113 வர வேண்டும் என்பது அன்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் பித்தளையில் ஒன்று கடைந்து, இரண்டு ஐட்லரையும் திரும்ப மாட்டினோம். மறுபடி கீறல். மறுபடி வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை அண்ணாச்சி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாக்பீஸை எடுத்து எண்ண ஆரம்பித்தார். 127.

ஆனால் ஏற்கெனவே வெட்டிய இரண்டு பள்ளங்கள்? முதலாவதிலிருந்தே புதுக் கணக்கும் தொடங்கியதால் அது தப்பித்தது. இரண்டாவது பள்ளம் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. அதனால் அதற்கு அடுத்த பல் ஒரு பக்கம் சீவியது போல ஒல்லியாகிவிட்டது. மூன்றாவதையும் நான் வெட்டியிருந்தால் அங்கே பல்லில் பாதிதான் மிஞ்சியிருக்கும், பிளாங்க் குப்பைக்குப் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையைக்கூட விட்டுவிட்டு வெட்டி முடித்தேன். ஜோஸ் சாருக்கு அந்த ஒல்லிப் பல்லின் மேலேயே கண். இது தாங்குமா என்று கேட்டார். நானும் என் பங்குக்கு, இந்தச் சனியன் பிடித்த 127-க்குப் பதில் 120 வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை என்றேன். அப்போதுதான் அண்ணாச்சி சொன்னார். இதோடு பிணைந்து ஓடுகிற சின்னச் சக்கரத்துக்கு 24 பல். பெரியதற்கு 120 வைத்தால் சரியாக ஐந்து மடங்கு. ஒல்லிப் பல் ஒவ்வொரு சுற்றிலும் எதிரே அதே ஒரு பல்லைத்தான் சந்திக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். 127 எதற்கும் பிரியாததால் அப்படி ஜோடி சேராது. "எதுத்தாப்ல இருக்க அம்புட்டுப் பேரையும் பாத்துட்டுத்தான் திரும்பப் பழைய ஆளுகிட்ட வரும். அதுக்குத்தாம்லே அந்த எண்ணு." சக்கரம் செய்தவன் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிய வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

திங்கட்கிழமை கொழுந்து வந்தது. டிரையர் ஓடியது. முதல் தட்டுத் தூளை ஜோஸ் சார் உள்ளங்கையில் எடுத்து முகர்ந்துவிட்டு, "மதி" என்றார். போதும் என்று அர்த்தம். பாக்டரியை மூடுகிற பேச்சு அந்த வருடம் எழவில்லை. அந்த ஒல்லிப் பல் நான் ஓய்வு பெறும் வரைக்கும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே சுற்றியது.

அண்ணாச்சியிடம் ஒரு மாற்றம் மட்டும் வந்தது. முதல் கீறலில் உட்கார்ந்தால் கணக்குச் சரி என்கிற அந்த வரியை அவர் அதன் பிறகு சொல்லவே இல்லை. நாற்பது பல் சக்கரமானாலும் எண்ணச் சொன்னார். எண்ணியதும் அவரே ஒரு தடவை எண்ணினார். அவர் சட்டத்தை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றும். எங்கே கெட்டது என்று மட்டும் சொல்லத் தெரியாது.

ஒர்க்‌ஷாப்பில் எழுதச் சொன்னதும் இதையெல்லாம் மருமகள் ஜெசிந்தாவிடம் சொன்னேன். பீர்மேட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் முடிப்பதற்குள்ளேயே அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "மாமா, தட்டு எதிர்ல போனா நூத்திருபதோட ஏழு கூடும். கூடவே போனா ஏழு குறையும். அவ்வளவுதான்" என்றாள். இரண்டுமே முழுப் பல்லில் முடிவதால் இரண்டுமே வந்து உட்காரும். வேடிக்கை என்னவென்றால் 113, 127 இரண்டுமே எதற்கும் பிரியாத பகா எண்களாம். அது தற்செயல்தான் என்றாள். ஆக, அண்ணாச்சியின் சட்டம் பொய்க்கவில்லை. நாங்கள் வெட்ட நினைத்தது ஒன்று, அது சரியாக முடித்துக் கொடுத்தது வேறொன்று.

அதோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். விடவில்லை. அந்த 127 பெரிய குடும்பத்துப் பிள்ளை என்றாள். இரண்டை இரண்டு தடவை போட்டுப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் மூன்று. மூன்று தடவை போட்டுப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் ஏழு. ஏழு தடவை போட்டுப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127. எல்லாமே பகா எண். இரண்டை 127 தடவை போட்டுப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் முப்பத்தொன்பது இலக்கத்தில் ஒரு எண் வருகிறது. அதுவும் பகா எண்தான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து கையால் நிரூபித்துவிட்டாராம். அதற்கடுத்ததும் பகா எண்தானா என்று கேட்டேன். உலகத்தில் யாருக்கும் தெரியாது மாமா என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். முப்பத்தொன்பது இலக்க எண்ணை அந்த மனிதர் எதெதால் வகுத்துப் பார்த்தார் என்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

வகுக்க வேண்டாமாம். இந்தக் குடும்பத்து எண்களுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது என்று 127-ஐ வைத்துச் செய்துகாட்டினாள். நான்கில் தொடங்கு. அதை அதாலேயே பெருக்கி இரண்டைக் கழி. 127-க்கு மேலே போனால் 127-களை வெளியே தள்ளி, மிச்சத்தை வைத்துக்கொள். அதையே திரும்பத் திரும்பச் செய். நான்கு பதினான்காகியது. பதினான்கு 67 ஆகியது. 67 போய் 42, 42 போய் 111. 111-ஐ அதாலேயே பெருக்கி இரண்டைக் கழித்து, 127-களைத் தள்ளினால் மிச்சம் பூஜ்யம். பூஜ்யம் வந்தால் பகா எண்ணாம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பூஜ்யம் வந்தபோது யாரும் இப்படிப் பாராட்டவில்லை. மிச்சத்தைத் தள்ளிக்கொண்டே போனால் பிரியாது என்று எப்படித் தெரியும்? ஏன் நான்கில் தொடங்க வேண்டும்? ஏன் இரண்டைக் கழிக்க வேண்டும்? அவள் விளக்கினாள். நான் தலையாட்டினேன். எந்த இடத்தில் வழி தவறினேன் என்றுகூடத் தெரியாத அளவுக்குத் தவறிவிட்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணாச்சிக்கு இதைச் சொல்ல வேண்டும். இப்போது அவர் கம்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். போன் போட்டேன். அந்தச் சனிக்கிழமை உங்கள் சட்டம் பொய்க்கவில்லை அண்ணாச்சி என்று ஆரம்பித்து, 120-லிருந்து ஏழு கூடியதையும் குறைந்ததையும் சொன்னேன். கேட்கிறதா என்றேன். ம் என்றார். அந்த ம்மில் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது போல எனக்குப் பட்டது. அந்தத் தைரியத்தில் குடும்பக் கதையையும் எடுத்துவிட்டேன். இரண்டு, மூன்று, ஏழு, நம்முடைய 127, அதற்கு மேலே முப்பத்தொன்பது இலக்கத்தில் ஒருவன் என்று ஜெசிந்தா எழுதிக்கொடுத்ததைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தேன். நடுவில் ஒரு தடவை வரி தவறி, முதலிலிருந்து மறுபடி படித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்துவிட்டு, இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன்.

"அதுக்குப் பிளாங்க் கெடைக்காதுலே" என்றார்.